ஊர்ச்சோலி எங்களுக்கேன்? பிள்ளையள், போன், வோட்டு: வாசகர் கேள்வியும் பதிலும்

போன இதழில, பிள்ளையளை நாட்டுக்கும் ஊருக்கும் உதவுற ஆக்களா வளக்கிறது பற்றியும் இன்ரநெற்றில எப்பிடி நடக்கிறது எண்டு பழக்கிறது பற்றியும் கேள்வி அனுப்புங்கோ எண்டு கேட்டிருந்தம். வந்து குவிஞ்சதில முக்கால்வாசி "போனைப் பறிக்கிறதோ விடுறதோ" எண்ட கேள்விதான், அதுக்குத் தனியா ஒரு இதழே போடலாம். மிச்சத்தில சிலதுக்கு இஞ்ச பதில்.

கேள்வி: என்ர மகன் தரம் 9. குடியுரிமைக் கல்வியில எப்பவும் 90க்கு மேல எடுப்பான். ஜனநாயகத்தின்ர பண்புகள் என்னெண்டு கேட்டா மூச்சு விடாமல் சொல்லுவான். போன கிழமை விதானையாரிட்டை (கிராம அலுவலரிட்டை) போய் வதிவிடக் கடிதம் ஒண்டு எடுத்துக்கொண்டு வா எண்டா, "ஆரம்மா அவர், எங்க இருக்கிறவர்?" எண்டு கேக்கிறான். உந்தப் பாடத்தால என்ன பிரயோசனம்?
(ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: பாடத்தை நான் குறை சொல்ல மாட்டன் அம்மா. தரம் 6இல இருந்து 9 மட்டும் எல்லாப் பிள்ளையும் படிக்குது, ஓ.எல்லுக்கு வந்தா விரும்பின ஆக்கள் மட்டும் எடுக்கிற பாடமாப் போயிடும், கனபேர் வேற பாடத்தை எடுத்திட்டு இதை விட்டிடுவினம். புத்தகத்தில விசயம் வடிவாத்தான் கிடக்கு. நாங்கள்தான் அதைச் சோதினைக்கு ஒப்புவிக்கிற தேவாரம் மாதிரி ஆக்கிப்போட்டம். பிள்ளை ஒரு கந்தோர்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்கை போனதே இல்லை, எல்லா அலுவலும் அம்மா பாக்கிறா, இல்லாட்டி அப்பா லீவு போட்டுப் பாக்கிறார், ரெண்டு பேருக்கும் ஏலாட்டி "தெரிஞ்ச ஆள்" ஒராள் பாக்கிறார். பிள்ளைக்கு ரியூசன் இருக்கெல்லோ.

மகனுக்கு 15 வயசு வந்தா அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கோணும், பள்ளிக்கூடத்தாலதான் போம் போகும். அந்தப் போமை நீங்கள் நிரப்பிக் குடுக்காதேங்கோ. அவனே பிறப்புச் சான்றிதழைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா நிரப்பட்டும், பிறப்புச் சான்றிதழில ஒரு பேர், பள்ளிக்கூடத்தில இன்னொரு பேர் எண்டு எங்கட ஊரில எத்தினை வீட்டில கிடக்கு, அந்தக் கரைச்சல் என்னெண்டு அவனுக்கும் இப்பவே தெரியட்டும்.

இன்னொண்டு, வாக்காளர் இடாப்பு. அது வருசா வருசம் திருத்தப்படுறது. தேர்தல் ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டா பேர் இருக்கோ இல்லையோ எண்டு பாக்கலாம். மகனிட்டைப் போனைக் குடுத்து, வீட்டில வோட்டு இருக்கிற எல்லாற்றை பேரையும் பாக்கச் சொல்லுங்கோ. கனடா போய்ச் செற்றிலான மாமான்ர பேர் இன்னும் கிடக்கும், செத்துப்போன அம்மம்மான்ர பேர் வெட்டப்படாமல் கிடக்கும், போன வருசம் 18 ஆன அக்கான்ர பேர் இருக்காது. அப்ப அவனுக்கே கேள்வி வரும், இதை ஆர் திருத்துறது எண்டு. அந்தக் கேள்வியோட விதானையாரிட்டை அனுப்புங்கோ, அவர் ஆரெண்டு பிறகு மறக்க மாட்டான்.

உங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தின்ர ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ. போன கூட்ட அறிக்கை வாசிப்பினம், ஒராள் முன்மொழிய இன்னொராள் வழிமொழிவார், பேந்து கணக்கறிக்கை வரும், அதில ஆயிரம் ரூபா இடிக்குது எண்டு பின்வரிசையில இருக்கிற ஒரு ஐயா எழும்புவார், பொருளாளருக்கு வேர்க்கும், பில் எங்க எண்டு தேடுவார். பேப்பர் படிக்கிற மேசையும் கரம்போட்டும் எண்டு நாங்கள் அசட்டையாப் பாக்கிற அந்த இடத்திலதான் எங்கட அப்பாமார் கூட்டம் நடத்தப் பழகினவை. இப்ப கன இடத்தில நிர்வாகத்தில இருக்கிறது அதே பழைய ஆக்கள்தான், பெடியள் கிரிக்கெற் மச் எண்டாத்தான் தலை காட்டுறது, அதுக்குப் பெடியளை மட்டும் பிழை சொல்லேலாது, கூட்டத்தில வாயைத் திறந்தா "நீ சின்னப் பெடியன், இரு" எண்டு இருத்திப்போடுறது ஆர்?

கேள்வி: எங்கட றோட்டில ஏழெட்டு மாசமா லைற் எரியேல்லை. ரியூசன் முடிஞ்சு வாற பெட்டையளுக்குப் பயம். நான் பேஸ்புக்கில போட்டோவோட போட்டன், 300க்கு மேல லைக், நாப்பது பேர் ஷெயார் பண்ணினவை, வெளிநாட்டில இருந்தெல்லாம் கொமென்ற். லைற் மட்டும் எரியேல்லை. வேற என்ன செய்யலாம்?
(ஏ.எல் மாணவன், வடமராட்சி)

பதில்: தம்பி, போட்டது பிழையில்லை, ஆனா அதைப் பிரதேச சபையில வேலை செய்யிற ஒருத்தரும் பாக்கோணும் எண்டு கட்டாயம் இல்லை. கொமென்றுக்குப் பதில் எழுதோணும் எண்டு எந்தச் சட்டமும் இல்லை. கையெழுத்துப் போட்டு நேர குடுத்த கடிதம் வேற, அது பைலுக்கை போகும்.

முதல் ஒரு கடிதம். நீட்டி முழக்க வேண்டாம், "நாகரிகம் வளர்ந்த இக்காலகட்டத்தில்" எண்டு தொடங்கவும் வேண்டாம். எந்த றோட்டு, எந்தச் சந்தியில இருந்து எந்தச் சந்தி மட்டும், எத்தினை கம்பம், கம்பத்தில இலக்கம் இருந்தா அந்த இலக்கம், எப்ப தொடக்கம் எரியேல்லை. கீழ றோட்டு ஆக்கள் பத்துப் பதினைஞ்சு பேர் கையெழுத்து. ரெண்டு பிரதி எடுங்கோ, ஒண்டைக் குடுத்திட்டு மற்றதில திகதி போட்டு "கிடைத்தது" எண்டு சீல் அடிச்சு வாங்குங்கோ. சீல் வாங்காமல் வந்தா கடிதம் குடுத்ததுக்கு அத்தாட்சியே இல்லை. உங்கட வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி. தமிழிலேயே எழுதுங்கோ, வடக்குக் கிழக்கில தமிழ் நிர்வாக மொழி எண்டு அரசியலமைப்பிலேயே கிடக்கு.

அதுக்கும் அசையாட்டி, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. இதில கனபேர் விடுற பிழை ஒண்டு இருக்கு: "எங்களுக்கு எப்ப லைற் போடுவியள்?" எண்டு கேக்கிறது. அது தகவல் இல்லை, முறைப்பாடு. அவையிட்டை எழுத்தில இருக்கிறதைக் கேக்கோணும். இப்பிடி: "கடந்த நிதியாண்டில் வீதி விளக்குகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? செலவழித்த தொகை எவ்வளவு? எமது வட்டாரத்தில் எந்தெந்த வீதிகளில் எத்தனை விளக்குகள் பொருத்தப்பட்டன? திருத்தக் கேட்டுக் கிடைத்த முறைப்பாடுகளின் பதிவேட்டுப் பிரதி தரவும்." இவ்வளவுதான். ஏன் கேக்கிறீர் எண்டு அவை கேக்கேலாது, நீங்கள் காரணம் சொல்லவும் தேவையில்லை. ஒவ்வொரு கந்தோரிலயும் தகவல் அலுவலர் ஒராள் இருக்கோணும், அவர் தாறதோ இல்லையோ எண்டு 14 வேலை நாளுக்கை சொல்லோணும். மறுத்தா, இல்லாட்டி பதிலே வராட்டி, அதே நிறுவனத்தில மேன்முறையீட்டைப் பாக்கிற அலுவலரிட்டை 14 நாளுக்கை போகலாம், அதுக்கும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்கை தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதில் வந்தாப் பிறகு பேஸ்புக்கில போடுங்கோ. "எங்களை ஒருத்தரும் கவனிக்கேல்லை" எண்டு போடுறதுக்கும், ஒதுக்கினது இவ்வளவு, செலவழிச்சது இவ்வளவு எண்டு அவையின்ர கடிதத்தையே போடுறதுக்கும் கொமென்ற் எப்பிடி வித்தியாசமா வருதெண்டு பாருங்கோ. போட முதல் கடிதத்தில இருக்கிற உங்கட விலாசம், அடையாள அட்டை இலக்கத்தை மறைச்சுப்போடுங்கோ, உதை மறக்கிற ஆக்கள் கனக்க.

கேள்வி: சண்டைக் காலத்தில வளந்த ஆக்கள் நாங்கள். "அரசியல் கதைக்காதை, எங்களுக்கேன் ஊர்ச்சோலி" எண்டு சொல்லித்தான் பிள்ளையளை வளத்தனாங்கள். இப்ப மகள் கம்பசில, ரிக்ரொக்கில அரசியல் வீடியோ போடுறாள். எனக்கு நித்திரை வருகுதில்லை. தடுக்கிறதோ?
(ஒரு தகப்பன், சுன்னாகம்)

பதில்: அண்ணை, உங்கட பயத்தை "பழைய ஆக்களின்ர பயம்" எண்டு தள்ளிவிட மாட்டன். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல வந்தது, தற்காலிகம் எண்டு சொல்லித்தான் கொண்டுவந்தவை, முகநூலில போட்ட பதிவுக்காக அந்தச் சட்டத்தில கைதான ஆக்களும் இருக்கினம். 2024 ஜனவரியில, இன்ரநெற்றில போடுறதுகளைக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எண்டு இன்னொண்டு பாராளுமன்றத்தில நிறைவேறினது, எது பொய், எது பொய்யில்லை எண்டு சொல்லுற அதிகாரம் ஒரு ஆணைக்குழுவுக்குப் போகுது எண்டு ஊடகக்காரரும் மனித உரிமைக்காரரும் அப்பவே எதிர்த்தவை. மகளுக்கு இது தெரிஞ்சிருக்கோணும். தெரியாமல் துணிவா இருக்கிறது வேற விசயம்.

ஆனா "கதைக்காதை" எண்டா அவள் கதைக்கிறதை நிப்பாட்ட மாட்டாள், உங்களோட கதைக்கிறதைத்தான் நிப்பாட்டுவாள். பேந்து ஒரு பிரச்சினை வந்தா உங்களுக்குக் கடைசியாத்தான் தெரியவரும். போட முதல் என்னட்டை ஒருக்காக் காட்டு எண்டு கேட்டுப்பாருங்கோ, வெட்டுறதுக்கில்லை, கேள்வி கேக்கிறதுக்கு. இது உனக்கு எப்பிடித் தெரியும்? இந்த ஆளின்ர செயலைச் சொல்லுறியோ, ஆளின்ர சாதி சமயத்தை இழுக்கிறியோ? ரெண்டாவது எண்டா அதை நானும் போட விடமாட்டன். முதலாவது எண்டா, ஆதாரம் வைச்சிருக்கிறாள் எண்டா, விடுங்கோ அண்ணை.

எங்கட ஊரில இளம் ஆக்கள் அரசியல் கதைச்சது ரிக்ரொக்கோட வந்த பழக்கமும் இல்லை. 1924இல யாழ்ப்பாணத்துப் படிச்ச பெடியள் சேந்து தொடங்கின மாணவர் காங்கிரஸ்தான் பேந்து வாலிபர் காங்கிரஸ் ஆனது, ஹண்டி பேரின்பநாயகம் மாதிரி ஆக்கள் முன்னுக்கு நிண்டவை, 1927இல காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டது அவைதான். தீண்டாமைக்கு எதிராப் பெரியாக்களோட மோதினவை. 1931இல எல்லாருக்கும் வாக்குரிமை வந்த முதல் தேர்தலை, முழுச் சுதந்திரம் தரேல்லை எண்டு பகிஷ்கரிக்கச் சொன்னதும் அவைதான், அதால யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை எண்டு நாலு ஆசனம் 1934 வரைக்கும் வெறுமையாக் கிடந்தது. அது சரியோ பிழையோ எண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். என்னைக் கேட்டா பிழை எண்டுதான் சொல்லுவன், சபையில ஒருத்தரும் இல்லாமல் இருந்து என்னத்தைக் கண்டம்? ஆனா பகிரங்கக் கூட்டம் வைச்சு, காரணம் சொல்லி, பேர் போட்டு எடுத்த முடிவு அது, அதாலதான் நூறு வருசம் போனாலும் அதை வைச்சு வாதாட முடியுது. ரிக்ரொக்கில பேர் இல்லாத எக்கவுண்ட் ஒண்டு போடுற வசைக்கு அந்தப் பெறுமதி இல்லை. மகள் தன்ர பேரில, தன்ர முகத்தோட கதைக்கிறாள் எண்டா அதுவே பாதி நல்ல பழக்கம்.

கேள்வி: தரம் 10க்குத் தமிழ் படிப்பிக்கிறன். வகுப்பில பிள்ளையள் வட்ஸ்அப்பில வாற எல்லாத்தையும் நம்புதுகள், "எல்லாத்தையும் நம்பாதேங்கோ" எண்டு சொன்னா இப்ப ஒண்டையுமே நம்பாதுகள், பேப்பரையும் நம்பாதுகள், என்னையும் நம்பாதுகள். பாடசாலையில போனும் கொண்டுவர விடாயினம். எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?
(ஆசிரியை, தென்மராட்சி)

பதில்: ரீச்சர், ஒண்டையும் நம்பாத பிள்ளையும் எல்லாத்தையும் நம்புற பிள்ளையும் கடைசியில ஒரே இடத்திலதான் போய் நிக்குதுகள், ரெண்டுக்கும் சரிபாக்கச் சோம்பல். ஆரை எப்பிடிச் சரிபாக்கிறது எண்டு செய்து காட்டினாத்தான் உண்டு.

அமெரிக்காவில ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ எண்ட ரெண்டு பேர் 2017இல ஒரு ஆய்வு வெளியிட்டவை. வரலாற்றுப் பேராசிரியர்மார் 10 பேர், அதே பல்கலைக்கழக மாணவர் 25 பேர், செய்தி சரிபாக்கிறதைத் தொழிலாச் செய்யிற 10 பேர். எல்லாருக்கும் ஒரே இணையத்தளங்களைக் குடுத்து நம்பலாமோ எண்டு கேட்டவை. படிச்ச பேராசிரியர்மாரே கனபேர் ஏமாந்து போச்சினம், ஏனெண்டா அவை அந்தப் பக்கத்துக்கையே இருந்து மேல இருந்து கீழ மட்டும் கவனமா வாசிச்சவை. சரிபாக்கிற ஆக்கள் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியால வந்து, உதை ஆர் நடத்துறது, மற்ற ஆக்கள் உதைப் பற்றி என்ன சொல்லினம் எண்டு வேற பக்கங்களில தேடினவை. வந்த மெசேஜையே திருப்பித் திருப்பி வாசிச்சு உண்மை பொய் பிடிக்கேலாது, வெளியால போகோணும். பிள்ளையளுக்கு இதை ஒண்டைச் சொல்லிக் குடுத்தாலே போதும்.

போன் இல்லாமலும் செய்யலாம். ஒரு மெசேஜைத் தாளில பெரிசா எழுதி ஒட்டுங்கோ. பிள்ளையள் குறூப் குறூப்பா இருந்து, இதைச் சரிபாக்க ஆரைக் கேக்கலாம், எந்தக் கந்தோருக்குத் தெரிஞ்சிருக்கும், எந்தப் பேப்பரில வந்திருக்கோணும் எண்டு எழுதட்டும். பின்னேரம் வீட்டை போய்த் தேடிக்கொண்டு வந்து அடுத்த நாள் சொல்லட்டும். படம் எண்டா கூகிள் லென்ஸில போட்டுப் பாத்தா முதல் எங்க எப்ப வந்ததெண்டு பிடிக்கலாம். ஃபேக்ட் கிரசெண்டோ எண்ட இணையத்தளம் இலங்கைச் செய்திகளைத் தமிழிலயும் சரிபாத்துப் போடுது.

படிப்பிக்கிறதுக்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, சாப்பாட்டுக்கை மலடாக்கிற குளிசை போட்டிருக்கு எண்டு ஒரு கதை கிளம்பினது. ஆக்கள் சுத்தி நிண்டு கடைக்காரரை அதட்ட, சிங்களம் வடிவா விளங்காத அவர் ஏதோ சொல்லிப்போட்டார், அதை வீடியோ எடுத்துப் பரப்பினவை. கடை உடைஞ்சுது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டுது. பேந்து பரிசோதிச்சா அது வெறும் மாக்கட்டி. ஒருத்தரை நிரந்தரமா மலடாக்கிற குளிசை எண்டு ஒண்டு உலகத்திலயே இல்லை எண்டு வைத்தியர்மாரும் சொன்னவை. கொஞ்ச நாளில கண்டிப் பக்கம் திகனயில முஸ்லிம் ஆக்களுக்கு எதிராக் கலவரம், அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப்பை மறிச்சுது, 2020இல பேஸ்புக் தன்ர பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. நீங்கள் தமிழ் ரீச்சர் எண்டபடியால இன்னொரு கேள்வியும் வகுப்பில கேக்கலாம், அந்தக் கடைக்காரரின்ர இடத்தில நீங்கள் நிண்டிருந்தா, பாசை விளங்காமல், என்ன சொல்லியிருப்பியள்? எங்கட பிள்ளையளுக்கு அது லேசா விளங்கும்.

கேள்வி: என்ர சிநேகிதியின்ர படத்தை எடிற் பண்ணி, மோசமா, பெடியளின்ர குறூப் ஒண்டில போட்டிருக்கினம். அவள் வீட்டை சொல்லப் பயப்பிடுறாள். நான் என்ன செய்யலாம்?
(பேர் வேண்டாம், யாழ்ப்பாணம்)

பதில்: தங்கச்சி, முதல் அவளிட்டை "உன்னில பிழை இல்லை" எண்டு சொல்லும், கனபேர் இதைச் சொல்ல மறந்து "ஏன் படம் போட்டனி" எண்டுதான் கேப்பினம். அந்தப் படத்தை நீர் சேவ் பண்ணவோ ஆருக்கும் காட்ட அனுப்பவோ வேண்டாம், சாட்சிக்கு எண்டாலும் வேண்டாம். குறூப்பின்ர பேர், போட்ட நம்பர், திகதி, நேரம், இதுகளை எழுதி வையும். அவள் நம்புற பெரிய ஆள் ஒராளை ரெண்டு பேரும் சேந்து பிடியுங்கோ, அம்மாவா இருக்கோணும் எண்டு இல்லை, சித்தியா இருக்கலாம், ரீச்சரா இருக்கலாம். 18 வயசுக்குக் கீழ எண்டா 1929க்கு அடியுங்கோ, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர இலக்கம். படம் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் பக்கம் போயிடும் எண்டு பயம் எண்டா "டேக் இற் டவுன்" எண்ட இலவசச் சேவை இருக்கு, 18 வயசுக்குக் கீழ உள்ள ஆக்களின்ர ஆபாசப் படங்களுக்கெண்டு அமெரிக்காவில ஒரு சிறுவர் அமைப்பு நடத்துறது. படம் ஏற்கெனவே ஆரின்ர போனில இருக்கோ அதை விட்டு வெளியால போகாது, அதின்ர அடையாளக் குறி மட்டும்தான் போகும், சேந்திருக்கிற கொம்பனியள் அதை வைச்சுக் கண்டுபிடிச்சு எடுக்கும். வட்ஸ்அப்புக்கு உது சரிவராது, அங்க றிப்போட் பண்ணுறதுதான். அந்தக் குறூப்பில இருந்துகொண்டு ஒண்டும் சொல்லாமல் பாத்த பெடியள் இதை வாசிச்சா, உங்களுக்கும் சேத்துத்தான் எழுதினது.

கேள்வி: மகள் குடியுரிமைக் கல்வி ஒப்படையை சட்ஜிபிடியிட்டைக் கேட்டு எழுதுறாள். விடலாமோ?
(ஒரு தாய், மானிப்பாய்)

பதில்: ஒருக்கா அதிட்டை உங்கட பிரதேச சபையில எத்தினை உறுப்பினர், உங்கட வட்டாரத்துக்கு ஆர் எண்டு கேக்கச் சொல்லுங்கோ. பேந்து சபைக்குப் போய்ச் சரிபாக்கட்டும். பிழை வந்தா அவளே திருத்தி எழுதட்டும், சரியா வந்தாலும் சபைக்குப் போனது லாபம்.

கேள்வி: வோட்டுப் போடுற வயசை 16 ஆக்கினால் என்ன?
(தரம் 11 மாணவி, கொக்குவில்)

பதில்: ஒஸ்ரியாவில 2007இல ஆக்கினவை, பிரேசிலில 1988இல இருந்தே 16, 17 வயசுக்காரர் விரும்பினாப் போடலாம். இஞ்சயும் முதல் 21ஆ இருந்து 1959இலதான் 18 ஆனது. எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனா 18 வயசு அண்ணாமாரில எத்தினை பேர் இடாப்பில பேர் பதிஞ்சிருக்கினம் எண்டு உங்கட ஒழுங்கையில ஒருக்காக் கேட்டுப் பாரும்.

கேள்வி: எங்கட பள்ளிக்கூட மாணவர் பாராளுமன்றத்தில நான் அமைச்சர். தேர்தல் எல்லாம் வைச்சு, சத்தியப்பிரமாணம் எடுத்து, படமும் பிடிச்சு, அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. கதைக்க மட்டும்தான் விடுகினம். என்ன செய்யிறது?
(தரம் 10 மாணவன், வலிகாமம்)

பதில்: உண்மையான அமைச்சர்மாரும் கனபேர் உப்பிடித்தான் சொல்லுவினம், கவலைப்படாதையும். பகிடியை விட்டுப்போட்டுச் சொன்னா, முடிவெடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லாத பாராளுமன்றம் பேச்சுப்போட்டிதான். போர்த்துக்கலில 2017இல இருந்து ஒரு திட்டம் நடக்குது. மேல்வகுப்பு மாணவர் தொகையைக் கணக்குப் பண்ணி ஆளுக்கு ஒரு யூரோப் படி, குறைஞ்சது 500 யூரோ, அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கும். என்ன வாங்கலாம், என்ன திருத்தலாம் எண்டு மாணவர் முன்மொழியோணும், நூற்றுக்கு அஞ்சு பேரின்ர ஆதரவுக் கையெழுத்து எடுக்கோணும், மார்ச் மாதம் வோட்டு, வெண்டதை நிர்வாகம் செய்துதான் ஆகோணும். காசு பெரிசில்லை. ஆனா பந்து வாங்குறதோ தண்ணி பில்ரர் போடுறதோ எண்டு தெரிவு செய்து, தோத்த பக்கமும் அதை ஏற்கோணும் எண்டு வாறபோது கதை வேற.

அதிபரிட்டைப் போய் "அதிகாரம் தாங்கோ" எண்டு கேட்டா துரத்திவிடுவார். ஒரு சின்ன விசயத்தைக் குறிச்சுக் கேளும். பழைய மாணவர் சங்கம் வருசா வருசம் ஏதோ அன்பளிப்புச் செய்யுமெல்லோ, அதில ஒரு பங்கை மாணவர் வோட்டில தீர்மானிக்க விடச் சொல்லி அதிபரும் சங்கச் செயலாளரும் இருக்கிற நேரத்தில கடிதமாக் குடும். ரெண்டு மூண்டு முன்மொழிவோட, விலைச்சிட்டை வைச்சு, என்ன கடையில என்ன விலை எண்டு. வோட்டு எண்ணுறபோது ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொராள் நிக்கட்டும். வாங்கினதுக்குப் பில்லை நோட்டீஸ் போட்டில ஒட்டும். அதிபர் மாட்டன் எண்டா காரணத்தை எழுத்தில கேளும், மரியாதையா, அதையும் கூட்ட அறிக்கையில எழுதி வையும், அடுத்த வருசம் வாற அமைச்சருக்கு உதவும்.